மொறுமொறு முட்டை: போண்டாவா, பிரெட் தூளா, முட்டை 65ஆ?

முட்டையின் வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அவித்த பிறகும் அந்தத் தண்ணீர் எங்கேயும் போவதில்லை, உள்ளேயே இருக்கிறது. பொரித்துத் தட்டில் வைத்ததும் உள்சூட்டில் அது ஆவியாகி வெளியே வர, மேல்தோல் அந்த ஈரத்தைக் குடித்து நமத்துப் போகிறது. சட்டியிலிருந்து எடுக்கும்போது கலகலவென்று சத்தம் போட்டது, விருந்தாளி கை வைக்கும்போது சொதசொதவென்று ஆகிவிடுவது இதனால்தான். சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்க முட்டையில் மொறுமொறுப்பாக ஏதாவது செய்ய நினைத்தால், எந்த முறை இந்த ஈரத்தை நன்றாகச் சமாளிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் அதிகம் செய்வது மூன்று: கடலை மாவில் முக்கிய போண்டா, பிரெட் தூள் பிரட்டிப் பொரித்த முட்டை, ஆவியில் வேகவைத்துத் துண்டு போட்டுப் பொரிக்கும் முட்டை 65.

போண்டாவிலிருந்து தொடங்கலாம், அதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. டீக்கடையில் அதை இரண்டாகப் பிளந்து, பொடியாக நறுக்கிய வெங்காயமும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுப்பார்கள். அந்த ருசிக்கு ஈடு கிடையாது. ஆனால் வீட்டில் செய்யும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, தோல் உரிப்பது. காலையில் இட்ட நாட்டுக்கோழி முட்டையை அன்றைக்கே அவித்தால் ஓட்டோடு பாதி வெள்ளைக்கருவும் பிய்ந்து வரும். நாளாக ஆக முட்டைக்குள் இருக்கும் கரியமில வாயு ஓட்டின் நுண்துளைகள் வழியாக வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுகிறது. அப்போது உள்சவ்வின் பிடி தளர்ந்து ஓடு சுலபமாகக் கழன்றுவிடும். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வண்டியேறி மளிகைக்கடைக்கு வந்து சேரும் முட்டைக்கு எப்படியும் சில நாள் வயதாகியிருக்கும் என்பதால் போண்டாவுக்கு அதுவே தோது. கொதிக்கும் தண்ணீரில் மெதுவாக இறக்கிப் பத்து நிமிடம் வைத்து, உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்ற வேண்டும். அதிகம் வெந்தால் மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சைச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் விழும். சாப்பிடக் கெடுதல் இல்லை, ஆனால் பிளந்து வைக்கும்போது பார்க்க நன்றாக இருக்காது.

இரண்டு, மாவு ஒட்டுவது. அவித்த வெள்ளைக்கரு வழவழப்பானது. அப்படியே முக்கினால் கரைத்த மாவு வழிந்து ஓடி, எண்ணெயில் போட்டதும் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மொட்டையாகவும் நிற்கும். முட்டையைத் துணியில் ஈரம் போகத் துடைத்து, வெறும் அரிசி மாவில் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு முக்குங்கள், அங்கேயே பாதி வேலை முடிந்தது. கரைசலுக்கு நான்கு பங்கு கடலை மாவு, ஒரு பங்கு அரிசி மாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு. இவற்றோடு ஒரு ஸ்பூன் நன்றாகக் காய்ந்த எண்ணெய் ஊற்றிக் கலந்தால் தோல் லேசாக வரும். சோடா உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் போண்டா எண்ணெய் குடிக்கும்.

மூன்று, வெடிப்பது. முழு முட்டையை அப்படியே காய்ந்த எண்ணெயில் போட்டால் உள்ளே அடைபடும் ஆவி சில சமயம் முட்டையைப் பிளந்துகொண்டு வெளியே வரும், எண்ணெய் முகத்தில் தெறிக்கும். பல்குச்சியால் நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள், இல்லையென்றால் பாதியாக வெட்டிப் போடுங்கள். பாதியாக வெட்டினால் மஞ்சள்கரு கழன்று மாவுக்குள் விழும் அபாயம் உண்டு. வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி கரண்டியில் வைத்து, மாவை அதன் மேல் ஊற்றி, அப்படியே எண்ணெய்க்குள் சரித்துவிட்டால் கழலாது.

இவ்வளவு செய்தும் போண்டாவுக்கு ஆயுள் பத்து நிமிடம்தான். தடித்த மாவு, உள்ளே முழு முட்டையின் ஈரம், வேறென்ன நடக்கும்? அதோடு, முட்டைக்குள் உப்பும் காரமும் துளியும் கிடையாது. தோல்தான் மொத்த ருசியையும் சுமக்கிறது. டீக்கடையில் வெங்காயமும் மிளகாய்த்தூளும் தூவுவதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

பிரெட் தூள் முறை இலங்கைக்காரர்களுக்குப் பழகிய கை. அங்கே பேக்கரிகளில் கிடைக்கும் ரோல்ஸ், மெல்லிய மாவுத்தோசைக்குள் உருளைக்கிழங்கு மசாலாவும் அவித்த முட்டைத் துண்டும் வைத்துச் சுருட்டி, பிரெட் தூளில் பிரட்டிப் பொரிப்பதுதானே. அந்த மேல்பூச்சை முட்டைக்கு நேரடியாகவும் போடலாம்: முதலில் மைதா, அடுத்து அடித்த பச்சை முட்டை, கடைசியாகத் தூள். பிரட்டியதும் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் பூச்சு இறுகி, பொரிக்கும்போது உதிராது. தூள் ஏற்கெனவே வெந்து உலர்ந்த பொருள் என்பதால் எண்ணெயில் அது சிவந்தால் போதும், ஒன்றிரண்டு நிமிட வேலை. முட்டை உள்ளே அதிகம் சூடாவதில்லை, ஆவியும் குறைவு. அதனால்தான் இது அரை மணி நேரம் ஆனாலும் மொறுமொறுப்பை விடுவதில்லை. விருந்தாளி எப்போது வருவார் என்று தெரியாத வீட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கடையில் பாக்கெட்டில் விற்கும் தூள் மணல் மாதிரி நைசாக இருக்கும். நேற்றைய பிரெட்டைத் தோசைக்கல்லில் ஈரம் போக வாட்டி, மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்று ஓட்டினால் கொரகொரப்பான தூள் கிடைக்கும், அதில்தான் நல்ல மொறுமொறுப்பு வரும். குறை என்று பார்த்தால், உதிரும் தூள் எண்ணெயின் அடியில் கருகி அடுத்த ஈட்டைக் கெடுக்கும். ஒவ்வொரு ஈட்டுக்கும் ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுக்க வேண்டும். உள்ளே உப்பில்லாத குறையும் போண்டாவைப் போலவே இதிலும் இருக்கிறது. பாதியாக வெட்டி, மஞ்சள்கருவை எடுத்து, மிளகும் உப்பும் கொத்தமல்லியும் போட்டுப் பிசைந்து திரும்ப நிரப்பிவிட்டுப் பிரட்டினால் அந்தக் குறையும் போய்விடும்.

இப்போது முட்டை 65. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், காரணம் எளிது. முட்டையை முதலிலேயே அடித்துவிடுவதால் உப்பு, மிளகு, பொடி வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாம் உள்ளே போய்விடுகிறது. தனியாக வறண்டு நிற்கும் மஞ்சள்கரு என்ற பேச்சே இல்லை. தோல் உரிக்கும் பாடும் இல்லை.

நான்கு முட்டையை நுரை அதிகம் எழாமல் அடித்து, எண்ணெய் தடவிய டிஃபன் பாக்ஸில் ஊற்றி, இட்லிச் சட்டியில் மிதமான தீயில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வேகவிடுங்கள். மூடியில் சேரும் நீர் சொட்டினால் மேலே குழி குழியாகிவிடும், பாக்ஸை ஒரு தட்டால் மூடிக்கொள்ளுங்கள். தீ அதிகமானால் முட்டை ஸ்பாஞ்சு போல ஓட்டை ஓட்டையாகி அந்த ஓட்டைகளில் எண்ணெய் ஏறும். நன்றாக ஆறிய பிறகே வெட்ட வேண்டும். சூட்டோடு கத்தி வைத்தால் உடையும்.

பூச்சுக்கு மூன்று ஸ்பூன் கார்ன்ஃப்ளோர், ஒரு ஸ்பூன் அரிசி மாவு, இஞ்சி பூண்டு விழுது, காஷ்மீர் மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. தண்ணீரை ஊற்றக் கூடாது, கையால் தெளிக்க வேண்டும். மாவு துண்டுகளின் மேல் மெல்லிய பசையாகப் பிடித்தால் போதும். கார்ன்ஃப்ளோர் கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. மைதாவில் இருக்கும் பசைப்புரதம் இதில் கிடையாது, அதனால் தோல் ரப்பராக இழுக்காமல் கடித்தவுடன் நொறுங்கும். துண்டுகள் சிறியவை என்பதால் ஒவ்வொரு வாய்க்கும் ஆறு பக்கமும் மொறுமொறுப்பு, நடுவில் கொஞ்சமாக மெத்தென்ற முட்டை. முழு முட்டையில் இந்த விகிதம் கிடைக்காது.

மிதமான சூட்டில் இரண்டு நிமிடம் பொரித்து எடுத்து, ஐந்து நிமிடம் ஆறவைத்து, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் அரை நிமிடம் மறுபடி போட்டு எடுங்கள். முதல் பொரிப்புக்குப் பின் உள்ளிருந்து வெளிவந்து தோலில் தங்கிய ஈரம் இரண்டாவதில் போய்விடும். கூடவே ஒரு பிடி கறிவேப்பிலையும் கீறிய பச்சை மிளகாயும் அதே எண்ணெயில் பொரித்துத் தூவினால் போதும், சாஸ் எதுவும் தேவைப்படாது.

நேரக் கணக்கில் முட்டை 65தான் தோற்கும். வேகவைத்து, ஆறவைத்து, வெட்டி, இரண்டு முறை பொரித்து என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போண்டா அரை மணி நேரத்தில் தட்டுக்கு வந்துவிடும். ஆனால் வேகவைத்த முட்டையை முந்தைய இரவே செய்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம், குளிர்ந்த துண்டு வெட்டவும் வசதி. எண்ணெய்ச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை, போண்டாவுக்கு மட்டும் முட்டை முங்கும் அளவு ஆழமாக ஊற்ற வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் காரம் குறைத்த பிரெட் தூள் முட்டையைக் கொடுங்கள், விரும்பிச் சாப்பிடுவார்கள். மழை பெய்யும் மாலையில் வீட்டு ஆட்கள் மட்டும் அடுப்படியைச் சுற்றி நின்று சுடச்சுடச் சாப்பிடுவது என்றால் போண்டாவே செய்யுங்கள். வெளியாட்களை அழைத்திருக்கிறீர்கள் என்றால் என் ஓட்டு முட்டை 65க்குத்தான்.

மிஞ்சினால், போண்டாவை மறுபடி சூடாக்குவதில் பலன் இல்லை. பிரெட் தூள் முட்டை தோசைக்கல்லில் சிறு தீயில் புரட்டினால் ஓரளவு திரும்ப வரும். முட்டை 65 மிஞ்சினால் வெங்காயம், குடைமிளகாய், கொஞ்சம் சோயா சாஸ் சேர்த்துப் பெரிய தீயில் ஒரு பிரட்டு. மறுநாள் மதியம் ரசம் சாதத்துக்கு அதுவே தொட்டுக்கொள்ளப் போதும்.