படம் பிறேம் போடக் கொடுக்கிறவர்கள் கவனம்: ஓரத்தை வெட்டிப் பலகையில் ஒட்டிவிடுகிறார்கள்

வன்னியில் தாளில் வரைகிற பிள்ளைகளுக்கும் சித்திர ஆசிரியர்களுக்கும் இதைக் காட்டுங்கள். கிளிநொச்சியில் வைக்கவிருக்கும் கண்காட்சிக்காக என் நீர்வண்ணப் படங்களை வவுனியாவில் ஒரு கடையில் பிறேம் போடக் கொடுத்தேன். பாதிக்கு மேற்பட்ட படங்கள் ஓரம் வெட்டுப்பட்டு, பின்பக்கம் முழுக்கப் பசை பூசி ஹாட்போட் பலகையில் ஒட்டப்பட்டு வந்திருக்கின்றன. இனி அவற்றை ஒருவராலும் பழையபடி ஆக்க முடியாது.

எல்லாம் சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள தடித்த பருத்தித் தாளில், 56க்கு 76 சென்ரிமீற்றர் முழுத் தாளிலும் அதன் பாதியிலும் வரைந்தவை. அந்தத் தாளை நான் கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்கிறேன், விலை கொஞ்சமில்லை. கண்ணாடி படத்தில் முட்டக்கூடாது, சுற்றிவர மவுண்ட் போட், அதாவது நடுவில் படம் தெரிய வெட்டின தடித்த அட்டை, வர வேண்டும், தாளில் கத்தி படவே கூடாது என்று கடைக்காரரிடம் நேரில் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, படத்துக்குப் படம் மவுண்ட் போட்டுக்கென்று தனியாகக் காசு போட்டுப் பில் எழுதி, பாதியை முற்பணமாகவும் வாங்கிக்கொண்டார்.

எடுக்கப் போனால் ஒன்றிலும் மவுண்ட் போட் இல்லை, கண்ணாடி நேரே வண்ணத்தின் மேல் படுத்திருக்கிறது. இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்திருந்த நேரம் வரைந்த படத்தில் கீழ்ப்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு ஒன்றும் இல்லை. என் கையொப்பம் போனதைக்கூட விடுங்கள், தண்ணீருக்குள் இறங்கி நின்ற பிள்ளைகளுக்குக் கால் இல்லை. வன்னியில் அந்தப் படத்தை நான் எப்படிச் சுவரில் மாட்டுவேன்? நந்திக்கடலை வரைந்த படத்தில் வானம் போய்விட்டது. வற்றாப்பளைப் பொங்கல் படத்தில் ஓரமாக நின்ற கிழவியைக் காணவில்லை.

கேட்டதற்கு, “தங்கச்சி, கண்ணாடி அந்த அளவிலதான் வரும், ஓரத்தில ஒண்டும் இல்லைத்தானே” என்றார். வெட்டின துண்டுகளாவது இருக்கிறதா அண்ணை என்று கேட்டேன், குப்பையோடு போய்விட்டதாம். அதற்குப் பிறகும் மிச்சக் காசு முழுவதையும் வைத்தால்தான் இன்னும் கைபடாமல் இருந்த படங்களைத் தருவேன் என்று பிடித்து வைத்துக்கொண்டார். போடாத மவுண்ட் போட்டுக்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு. அவற்றையும் வெட்டிவிடுவாரோ என்ற பயத்தில் கொடுத்துவிட்டு எடுத்து வந்தேன்.

ஒட்டினால் என்ன, சுருங்காமல் நிற்கும்தானே என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தாள் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் வீடுகளுக்குள் எவ்வளவு ஈரம் ஏறும் என்று உங்களுக்கே தெரியும். முழுக்க ஒட்டின தாளுக்கு அசைய இடமில்லாததால் அது பொங்கி மடிப்பு விழும், ஹாட்போட்டில் உள்ள அமிலம் ஏறி வருடக்கணக்கில் தாள் பழுப்பாகும். கண்ணாடி முட்டிக்கொண்டிருந்தால் உள்ளே வேர்க்கிற தண்ணீர் வண்ணத்தில் இறங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். முறையாகச் செய்கிறவர்கள் தாளின் மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய கடதாசித் துண்டு இரண்டை வைத்து, கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசையால் தொங்கவிடுவார்கள், அந்தப் பசை தண்ணீர் பட்டால் கழன்றுவிடும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் போட்டின் தடிப்பளவு காற்று இருக்கும். பிறேமைப் படத்தின் அளவுக்குச் செய்வதுதான் வேலை, படத்தைப் பிறேமின் அளவுக்கு வெட்டுவது வேலையே இல்லை.

ஆகவே எந்தக் கடைக்குப் போனாலும் அவர்கள் முன்பு செய்த ஒரு பிறேமைத் திருப்பி, பின்பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அப்படியே திரும்பி வாருங்கள். முதலில் ஒரே ஒரு படம், அதுவும் மனதுக்கு அவ்வளவு நெருக்கமில்லாத ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். கொடுக்க முன் நாலு மூலையும் தெரியப் படம் பிடித்து, நீளம் அகலத்தைப் பில்லிலேயே எழுதுவித்து, ‘வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது’ என்ற இரண்டு சொல்லுக்குக் கீழே அவர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள். வாயால் சொன்னதற்குப் பிறகு சாட்சி கிடையாது.

நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துச் சொல்லிவிட்டு, பில்லின் பிரதியோடு எழுத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். செய்யாத வேலைக்குக் காசு எடுத்ததற்கு அந்தப் பில்லே போதும். வெட்டினது வேறு விஷயம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் படைத்தவருக்கு, தன் பெயருக்குக் கேடு வரும் விதமாகப் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கிற உரிமை இருக்கிறது, அதற்கு எங்கும் பதிந்து வைத்திருக்கத் தேவையில்லை. அதைப் பற்றி ஒரு சட்டத்தரணியிடம் கதைத்துக்கொண்டிருக்கிறேன். கடையின் பெயரை முறைப்பாடு முடியும்வரை இங்கே போடவில்லை.

கண்காட்சி நிற்காது. தப்பின படங்களைக் கண்ணாடி இல்லாமல் கிளிப்பில் தொங்கவிடப் போகிறேன், இரணைமடுவைத் திரும்ப வரையத் தொடங்கிவிட்டேன். கிளிநொச்சி, பரந்தன், புதுக்குடியிருப்புப் பக்கம் மவுண்ட் போட்டைச் சாய்வாக வெட்டத் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கூலி கூடினாலும் பரவாயில்லை, நான் பக்கத்தில் இருந்து பார்க்க விட வேண்டும்.