சிவனொளிபாதமலை: மலைக்கு அஞ்சு ஸ்டார், பேக்கேஜுக்கு ஒண்ணு

இலங்கையில இருக்குற இந்த சிவனொளிபாதமலைக்கு, ஸ்ரீபாதமலைன்னும் சொல்வாங்க, நான் ரெண்டு தடவ போயிருக்கேன், ஒரு தடவதான் உச்சிய பாத்தேன். மொத தடவ போனது ஆடி மாசம். ராம்நாட்டுல ஒரு டிராவல்ஸ்காரர், பேரு வேணாம், மூணு நாள் இலங்கை பேக்கேஜ்னு நோட்டீஸ் அடிச்சு அதுல நடுவுல ஸ்ரீபாதமலைன்னு போட்டிருந்தாரு. சீசன் ஏதும் இருக்காண்ணேன்னு கேட்டதுக்கு, "மலை எங்க ஓடிப்போகப்போவுது, எப்ப வேணா ஏறலாம் தம்பி"ன்னாரு. மலை ஓடலதான். நாங்கதான் பாதி வழியில இருந்து ஓடியாந்தோம்.

தப்பு என் மேலயும் இருக்கு. நமக்கு ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல ஆனி ஆடின்னா மழையப் பத்தி நெனப்பே வராது, கச்சான் காத்து மண்ண வாரி மூஞ்சில அடிக்கும் அவ்வளவுதான், நம்ம மழை ஐப்பசி கார்த்திகையில. அந்தக் கணக்குலயே போயிட்டேன். ஆனா அதே தென்மேற்கு பருவக்காத்த நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மறிச்சுக்கிது, அங்க இந்த மலைதான் முன்னாடி நின்னு மொத்தத்தையும் வாங்குது. லைட்டு கெடையாது, கடை எல்லாம் தார்ப்பா போட்டு மூடி கெடக்கு, செருப்புக்குள்ள அட்டை. டிசம்பர் பௌர்ணமிக்கு ஆரம்பிச்சு மே மாசம் வெசாக் பௌர்ணமி வரைக்கும்தான் சீசன், அதுக்கப்பறம் மேல இருக்குற, அந்த மலைக்கு காவல் தெய்வமான சமனோட சிலையையே கீழ பெல்மதுளை பக்கம் எறக்கிட்டு வந்துர்றாங்க. சாமியே எறங்கிட்ட மாசத்துல எங்கள ஏத்தி விட்டுருக்காரு மனுஷன். காசு திருப்பிக் கேட்டா "கொழும்புல பீச் காட்டுனோம்ல"ங்குறாரு, நான் இருக்குறதே கடக்கரை.

ரெண்டாவது தடவ ஏஜென்ட் எல்லாம் வேணாம்னு நானும் கீழக்கரை காக்காவும் (முஸ்லிம் அண்ணன்மாரை எங்க பக்கம் காக்கான்னுதான் கூப்புடுவோம்) மட்டும் கெளம்புனோம், மாசி மாசம், வேணும்னே செவ்வாக்கெழமை ராத்திரி ஏறுற மாதிரி. காக்காவுக்கு இது பாவா ஆதம் மலை, எங்க அம்மாவுக்கு சிவன் பாதம், அங்க உள்ள சிங்களவங்களுக்கு புத்தர் பாதம், கிறிஸ்தவங்கள்ல சிலபேரு தோமையார் பாதம்ங்குறாங்க. மேல இருக்குறது பௌத்த கோயில், பொறுப்பும் பிக்குமார்கிட்டதான், ஆனா எவனும் எவனையும் நீ எதுக்கு வந்தன்னு கேக்கல. எங்களுக்கு இது ஒண்ணும் புதுசில்ல, ராமேஸ்வரத்துல ராமநாதசாமியும் ஆபில் காபில் தர்காவும் ஒரே ஊருல இருக்கு. ஆதமோட புள்ளைங்க இங்க, அவரு கால் தடம் அங்க, நடுவுல உள்ள திட்டுக்கு ஒரு பக்கம் ராமர் பாலம்னு பேரு இன்னொரு பக்கம் ஆதம் பாலம்னு பேரு. காக்கா வழி பூரா அந்தக் காலத்து மொராக்கோ பயணி இபுன் பதூதா கதைய சொல்லிட்டே வந்தாரு. 1344ல அவரு இந்த மலைக்கு போகணும்னப்ப யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி ராசாதான் பல்லக்கும் ஆளும் குடுத்து அனுப்புனாராம், அவருக்கு அமைஞ்ச ஏஜென்ட் நல்ல ஏஜென்ட்.

போற வழிய நெனச்சாதான் வயித்தெரிச்சல். தனுஷ்கோடி கடைசியில அரிச்சல்முனையில நின்னா போன்ல இலங்கை டவர் எடுக்குது, அந்தக் கரையில உள்ள தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சொச்சம். 1914ல இருந்து தனுஷ்கோடி வரைக்கும் ரயில்ல போய் அங்கேருந்து கப்பல் ஏறி அந்தப் பக்கம் எறங்கி மறுபடி ரயில் ஏறிருக்காங்க, 64 புயல் வந்து தனுஷ்கோடிய வாரிக்கிட்டு போனதோட அந்த வழி போச்சு, அப்பறம் ராமேஸ்வரத்துல இருந்து கொஞ்ச வருசம் கப்பல் ஓடி அதுவும் நின்னுருச்சு. இப்ப நாம மதுரைக்கு போய் ப்ளைட் புடிச்சு கொழும்பு போகணும். நாகப்பட்டினம் காங்கேசன்துறை கப்பல் 2023ல ஆரம்பிச்சாங்களே அதுல போலாமான்னு கேக்காதீங்க, அது தீவோட வடக்கு முனை, மலைக்கு வர தீவுல பாதிய தாண்டணும். விசாவுக்கு இடிஏன்னு ஆன்லைன் அனுமதி, அவங்க கவர்மெண்ட் சைட்லயே போட்டுருங்க, கூகுள்ல மேல வர்ற புரோக்கர் சைட்ல போயி சிக்காதீங்க.

கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல இருந்து ஹட்டனுக்கு ரயிலு, அஞ்சு மணி நேரம் வரும், ரிசர்வ் சீட்டு சீக்கிரம் முடிஞ்சிரும். ஆனா சும்மா நின்னுட்டு போனாலும் நஷ்டமில்ல, கதவோரம் நின்னா தேயிலைத் தோட்டம் காலுக்கு கீழ போகும். பெட்டிக்குள்ள ஒரு பையன் "கச்சான் கச்சான்"னு கூவிட்டு வர்றான், நான் என்னடா காத்தையா விக்கிறான்னு முழிக்கிறேன், பாத்தா கடலை. அங்க வேர்க்கடலைக்கு கச்சான்னு பேரு. ஹட்டன்ல எறங்குனா சீசன் டயத்துல ஸ்டேஷன் வாசல்லயே மலையடிவாரத்துக்கு பஸ் நிக்கும். அடிவாரத்து ஊரு பேரு நல்லதண்ணி. வெள்ளக்காரங்க மேப்புல டல்ஹவுசின்னு இருக்கும், பஸ்ஸுல நல்லதண்ணின்னே கேளுங்க. தண்ணியில்லாக் காடுன்னு பேரெடுத்த ஜில்லாவுல, நல்ல தண்ணிக்கு கொடத்துக்கு காசு குடுத்து வாழுற நமக்கு அந்தப் பேரைக் கேட்டதுமே ஒரு பொறாமை.

ஏறுறதுக்கு டிக்கெட் கெடையாது, கீழ ஒரு எடத்துல கையில வெள்ளை நூலு கட்டி காணிக்கை கேப்பாங்க, இஷ்டப்பட்டத போடலாம். ஏழு கிலோமீட்டர், அஞ்சாயிரத்து ஐநூறு படிக்கு பக்கம், உச்சி 2243 மீட்டர். ராத்திரி ரெண்டு ரெண்டரைக்கு கெளம்புனா போதும், வீராப்பா பன்னெண்டுக்கே ஏறுனா நாலு மணிக்கே மேல போய் வெறைச்சுக்கிட்டு நிக்கணும், எடமும் கொஞ்சூண்டுதான். இருபது டிகிரிக்கே போர்வை தேடுற ஊர்க்காரன் நான், பல்லு தந்தி அடிச்சிருச்சு. குளிரு கூட பரவால்ல, ஏறுறப்ப வேர்த்த சட்டை மேல போனதும் ஐஸா ஒட்டுது பாருங்க, அதுதான் ஆள கொல்லும். காஞ்ச சட்டை ஒண்ண கவர்ல சுத்தி கொண்டு போங்க. பௌர்ணமிக்கும் சனி ஞாயித்துக்கும் போகவே போகாதீங்க, கடைசி படியில கியூவுலயே விடிஞ்சிரும்.

பாதி வழியில ஒரு தேத்தண்ணிக் கடை. டீக்கு அங்க அதான் பேரு. கடைக்கார அம்மா எங்க பேச்சக் கேட்டுட்டு எந்த ஊருன்னு கேட்டாங்க. மண்டபம்னேன். கிளாஸ கழுவிட்டிருந்தவங்க கழுவுறத நிப்பாட்டிட்டு, "மண்டபம் கேம்ப்பா தம்பி?"ன்னாங்க. அந்தக் காலத்துல இலங்கைத் தோட்டத்து வேலைக்கு போறவங்கள நோய் இருக்கான்னு பாக்க நிப்பாட்டி வச்ச கேம்ப் அது. அவங்க பாட்டி சின்னப்புள்ளையா நம்ம கேம்ப்ல ஊசி போட்டுக்கிட்டு, அடைச்சு வச்சிருந்து, அங்கேருந்துதான் கப்பல் ஏறி வந்துச்சாம். நான் தெனம் ரயில்ல தாண்டிப்போற ஸ்டேஷன் பேரு, அவங்களுக்கு குடும்பத்துக் கதை. ஊரு எப்படி இருக்கும்னு கேட்டாங்க, சொல்றதுக்கு எனக்கு டக்குனு ஒண்ணும் வரல, வெயிலு, கடலு, கருவாட்டு வாசம்னேன். தேத்தண்ணிக்கு காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க, காக்கா தட்டுக்கு கீழ நோட்ட வச்சுட்டு வந்தாரு.

மேல செருப்ப கழட்டணும், தரை ஐஸ்கட்டி மாதிரி இருக்கும், ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்குங்க. பாதத்த துணி போட்டு மூடி வச்சிருப்பாங்க, ரொம்ப எதிர்பாக்காதீங்க. எல்லாரும் கெழக்கப் பாத்து செல்போன தூக்கிட்டு நிப்பாங்க, சூரியன் வந்ததும் நீங்க திரும்பி மேற்குப் பக்கம் ஓடுங்க. மலையோட நெழலு முக்கோணமா, அளவெடுத்து வெட்டுன மாதிரி, கீழ உள்ள மேகத்து மேல விழுந்து கெடக்கும், கொஞ்ச நேரத்துல சுருங்கிரும். எத்தன தடவ ஏறிருக்கோமோ அத்தன தடவ மணியடிக்கணும்ங்குறது அங்க வழக்கம். ஆடி மாசம் பாதி ஏறுனத சேத்துக்கலாமான்னு காக்காகிட்ட கேட்டேன், மொறைச்சாரு, ஒரு தடவதான் அடிச்சேன். எனக்கு முன்னாடி ஒரு சிங்களப் பாட்டி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, பதினாலு வரைக்கும் எண்ணுனேன்.

எறங்குறதுதான் வேதனை, முட்டி கழண்டுரும், கால் நகத்த மொத நாளே வெட்டிருங்க, இல்லன்னா எனக்கு கட்டவெரல் கருத்த மாதிரி கருக்கும். கைப்புடி கம்பி இருக்குற எடத்துல வெக்கப்படாம புடிச்சுக்கிட்டு எறங்குங்க.

இப்ப அம்மா நானும் வர்றேன்னு நிக்கிது. அறுபத்தாறு வயசு, முட்டிவலி. நல்லதண்ணி வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கேன், அங்க ரூம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்தாலே ராத்திரியில படி லைட்டு வரிசை அடியில இருந்து உச்சி வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு ஏறுறது தெரியும்.