பி.எச்.2 இம்பாக்ட் பிட், 50 மி.மீ.: எதற்குச் சரி, எதற்கு ஆகாது

பி.எச்.2 என்றால் பிலிப்ஸ் எனும் கூட்டல் குறித் தலைக்கான 2ஆம் அளவு ஸ்க்ரூ முனை. ஜிப்சம் போர்டு அடிக்கும் 3.5 மி.மீ. கறுப்பு ஸ்க்ரூவில் இந்த பிட் கச்சிதமாக உட்காருகிறது, ஆட்டமே இல்லை. நடுவில் இடுப்புபோல ஒடுங்கிய பகுதி, தட்டித் தட்டித் திருகும் இம்பாக்ட் டிரைவரின் அடியை முறுகி வாங்கிக்கொள்கிறது. அதனால் முனை சீக்கிரம் உடைவதில்லை. சாதாரண 25 மி.மீ. பிட்டில் இந்த வசதி கிடையாது.

ஆனால் சிப்போர்டு (மரச்சில்லுப் பலகை) ஸ்க்ரூ என்றால் தலையைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கூட்டல் குறிக்கு இடையே நான்கு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போசிடிரைவ் என்ற வேறு வகைத் தலை. அதற்கு பி.இசட்.2 பிட்தான். பி.எச்.2 வழுக்கி, தலைக்குழியையே வழித்துவிடும். பிறகு கழற்றுவது பெரும்பாடு.

தேக்கில் 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு முதலில் 2.5 மி.மீ. துளை போடுங்கள். கதவுக் கீலுக்குக் கறுப்பு ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம்: கடினமாக்கிய எஃகு, வளைந்து கொடுக்காமல் தலை தெறித்துவிடும்.