குட்டைச் செம்பருத்தி என்று மருந்தடித்த செடியைத் தந்தார்கள்: 11,400 ரூபாய் போயிற்று

நேற்று இரவு ஆடிக் காற்றில் எங்கள் மாடியில் ஒன்பது தொட்டிகள் உருண்டு உடைந்தன. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இணையத்தில் செடி வாங்குகிறவர்கள் படியுங்கள்.

தை மாதம், செடி விற்கும் ஒரு செயலியில் 24 செம்பருத்திகள் வாங்கினேன். ஒன்று 475 ரூபாய், மொத்தம் 11,400. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அறிந்த கோவைக்காரர்கள் மாடியில் உயரமான செடி வைக்க மாட்டார்கள். அதனால் பணம் கட்டும் முன்பே தொலைபேசியில் கேட்டேன். "பிறவியிலேயே குட்டை ரகம் மேடம், இரண்டடியைத் தாண்டாது. என் அம்மா வீட்டிலும் இதுதான்" என்றார் அந்தப் பெண். அம்மா வீடு என்றதும் நம்பிவிட்டேன். வந்த செடிகளும் அப்படித்தான் இருந்தன: முக்கால் அடி உயரம், கரும்பச்சை இலை, கொத்துக் கொத்தாக மொட்டு.

சித்திரையில் நெடுநெடுவென்று கிளம்பின. இப்போது நான்கடி, கைப்பிடிச் சுவரையும் தாண்டிவிட்டன. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர் ஒரு தண்டைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். அடித்தண்டில் கணுக்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அதற்கு மேல் கணுவுக்குக் கணு விரல் நீளம். உண்மையான குட்டை ரகமென்றால் மேல்தண்டும் நெருக்கமாகவே இருக்குமாம். இது வளர்ச்சியை ஒடுக்கும் மருந்தின் வேலை. தண்டை நீளவைக்கும் ஜிப்ரெலின் செடிக்குள் உருவாகாமல் குளோர்மெக்வாட், பேக்லோபியூட்ரசால் போன்றவை தடுக்கின்றன. மாமரம் பூக்க வேரடி மண்ணில் ஊற்றுகிறார்களே, அதே பேக்லோபியூட்ரசால்தான். மருந்தின் வேகம் தீர்ந்ததும் செடி தன் குணத்துக்குத் திரும்பிவிடும். பண்ணைகளில் அடிப்பது வழக்கமென்றால் அடிக்கட்டும். அதை மறைத்து, ரகம் என்று சொல்லி விற்றது மோசடி.

இதைவிட வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பூக்களில்தான் என் மாமியாருக்குத் தினமும் தேநீர் போட்டேன். டாமினோசைடு என்று இன்னொரு குட்டையாக்கும் மருந்து. அமெரிக்காவில் ஆப்பிளுக்கு அடித்துவந்ததை 1989இல் நிறுத்தி, அலங்காரச் செடிகளோடு வைத்துக்கொண்டார்கள். என் செடிகளுக்கு எதை அடித்தீர்கள் என்று எத்தனை முறை கேட்டும் பதில் இல்லை.

முதலில் உரம் அதிகம் என்றார்கள். பிறகு வெயில் போதவில்லை என்றார்கள், மொட்டை மாடியில்! மூன்றாவது ஆள், "செடி நன்றாக வளர்ந்ததற்கா புகார்?" என்று சிரித்தார். அடுத்தவர், ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்றார். ஏழாம் நாளில் செடி முக்கால் அடிதானே இருந்தது! 11,400 ரூபாய்க்கு ஈடாக 200 ரூபாய் கூப்பன் தர வந்தார்கள். வேண்டாம் என்றேன். இன்று காலை என் எண்ணையே தடுத்துவிட்டார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. கணுக்களைப் பாருங்கள். ரகத்தின் பெயரையும், மருந்து அடித்தார்களா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். புதிதாக வாங்கிய செடியின் பூவை வாயில் வைக்காதீர்கள். பில்லை அழிக்காதீர்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் நான் புகார் பதிந்துவிட்டேன்.

மிச்சம் 15 தொட்டிகளையும் இருட்டுவதற்குள் கீழே இறக்க வேண்டும். காற்று மறுபடி எழுகிறது.