ஓணானுக்கு ஓடு, பாம்புக்குப் பேப்பர், புரட்டாசிக்கு விரதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் யார் வீட்டு ஃப்ரீசரைத் திறந்தாலும் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று இருக்கும். உள்ளே ஐஸ்கிரீம் மட்டும் இருக்காது. பட்டாணி இருக்கும், போன வாரத்து பீன்ஸ் கறி இருக்கும். எங்கள் டப்பாவில் எலி இருந்தது. தனித்தனியாகப் பையில் சுற்றி உறைய வைத்த எட்டு வெள்ளை எலிகள். கீழ் வீட்டு ஆன்ட்டி பட்டாணி தேடிக்கொண்டு அதைத் திறந்த நாள், புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை.

"என்ன தம்பி இது?"

"பாம்புக்கு ஆன்ட்டி."

"பெருமாள் மாசத்துலயா?"

டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த எங்கள் சாட்ஸ்வொர்த்தில் புரட்டாசி என்றால் சும்மா இல்லை. தமிழ்நாட்டில் சனிக்கிழமை மட்டும் சைவம் என்று சமாளிப்பவர்கள் நிறைய. இங்கே நான்கைந்து தலைமுறைக்கு முன் கரும்புக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மாதம் முழுக்கக் கடைப்பிடிக்கிறார்கள், பாத்திரம்கூடத் தனி. கராஜில் இருக்கும் ஃப்ரீசர் அவருடையது, நான் மேல் மாடியில் வாடகைக்கு இருப்பவன். அந்த நாளுக்குப் பிறகுதான் ஒன்று புரிந்தது. நான் வளர்க்கும் ஓணான், பாம்பு, தவளைக்கு எந்த விரிப்பு, எந்தத் தீனி நல்லது என்று பாக்கெட்டில் எழுதியிருப்பது வேறு ஊருக்கு, வேறு வீட்டுக்கு. இந்த ஊர் ஈரத்தையும் நாம் குடியிருக்கும் வீட்டையும் வைத்துத்தான் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என்னிடம் இருப்பவை மூன்று. ஒரு பியர்டட் டிராகன், அதாவது ஆஸ்திரேலியாவின் தாடி ஓணான். நம்மூர் வேலி ஓணானுக்குச் சொந்தக்காரன்தான், இரண்டும் ஒரே குடும்பம். அடுத்து, அமெரிக்காவின் கார்ன் ஸ்னேக். மூன்றாவது, தென் அமெரிக்காவின் பேக்மேன் தவளை. பாதி உடம்பை மண்ணுக்குள் புதைத்து, வாயை மட்டும் வெளியே வைத்துக் காத்திருக்கும் சோம்பேறி. இந்த நாட்டு ஆமையையோ புல்ஃப்ராக்கையோ பிடித்து வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் இந்த மாகாணத்தின் வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பான எஸெம்வேலோவிடம் பெர்மிட் வாங்க வேண்டும். அது தனிக்கதை.

முதலில் அடிவிரிப்பு, அதாவது தொட்டியின் தரையில் போடுவது. ஓணானுக்கு நான் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தவை நாலு: தேங்காய் நார்த்தூள், மணல், பேப்பர், தரை ஓடு.

நார்த்தூள் செங்கல் மாதிரி அழுத்திய கட்டியாக வரும். தண்ணீர் விட்டால் ஒரு கட்டி ஏழெட்டு லிட்டர் அளவுக்குப் பொங்கும். பொள்ளாச்சிப் பக்கம் சாலையோரம் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் அதே தூள்தான். அதை இங்கே ரேண்ட் கொடுத்து வாங்கும்போது கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்தது. பார்க்க அழகு, தோண்டவும் வசதி. ஆனால் தாடி ஓணான் வறண்ட நாட்டுப் பிராணி, காற்றில் ஈரம் முப்பது நாற்பது சதவீதம் இருந்தால் அதற்குப் போதும். டர்பனில் மழைக்காலமான ஜனவரியில் சன்னலைத் திறந்தால் துணிகூடக் காயாது. அந்த ஈரத்தில் நார்த்தூள் ஒருபோதும் முழுசாக உலரவில்லை. மூன்றாவது வாரம் மூலையில் வெள்ளைப் பூஞ்சை கண்டேன், அள்ளிக் கொட்டிவிட்டேன். ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் நண்பர் இதையே மாதக்கணக்கில் வைத்திருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. அவர் ஊர்க் குளிர்காலக் காற்று உதட்டை வெடிக்க வைக்கும்.

மணல் விஷயத்தில் இரண்டு தப்பு நடந்தது. ஒன்று, கடையில் 'கால்சியம் மணல்' என்று கலர் கலராக விற்பது. கால்சியம் என்றதும் நல்லதுதானே என்று தோன்றும். ஓணானுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது போலிருக்கிறது, நக்கி நக்கித் தின்னும். ஈரம் பட்டால் கட்டியாகும் பொருள் அது, குடலுக்குள்ளும் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். குட்டிகளுக்கு வேண்டவே வேண்டாம். இரண்டாவது தப்பு என் மச்சான் செய்தது, கடற்கரையிலிருந்து ஒரு வாளி மணல் அள்ளிக்கொண்டு வந்தான். இலவசம் என்று நானும் போட்டேன். கடல் மணலில் உப்பு இருக்கிறது, உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். இரண்டு நாளில் தொட்டுப் பார்த்தால் ஊறுகாய்க்கு எடுத்து வைத்த கல்லுப்பு மாதிரி நசநசவென்று இருந்தது, போதாததற்குச் சிப்பித் துண்டுகள் வேறு. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்துச் செம்மண்ணோடு கலந்து, வளர்ந்த ஓணானுக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அது நன்றாகவே இருக்கிறது. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

பேப்பர் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. ஆனால் ஏரியாவில் இலவசமாகப் போடுகிற ரைசிங் சன் பத்திரிகை எனக்கு ஆறு மாதம் கைகொடுத்தது. அழுக்கானால் சுருட்டி எறியலாம், மலம் எப்படிப் போகிறது, புழு ஏதும் இருக்கிறதா என்று பார்த்ததும் தெரியும். புதிதாக வாங்கிய எந்தப் பிராணிக்கும் முதல் ஒரு மாதம் பேப்பர்தான் என்பேன். குறை என்னவென்றால், வழவழப்பில் நகம் பிடிக்காது, ஓணான் வேகமாகத் திரும்பும்போது கால் வழுக்கும்.

கடைசியில் நின்றது தரை ஓடு. ஆன்ட்டி குளியலறை மாற்றியபோது மிஞ்சிய, சொரசொரப்பான சிலேட் ஓடு. ஓரத்தை உரசி, தொட்டியின் அளவுக்கு வெட்டிப் போட்டேன். நகம் தானாகத் தேயும், ஈரத் துணியால் துடைத்தால் போதும், பூஞ்சைக்கு இடமில்லை. யாரும் சொல்லாத ஒரு லாபமும் உண்டு. 2022, 2023-இல் லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது விளக்கு அணைந்துவிடும். வெயில் காயும் இடத்தில் நாற்பது டிகிரி வரை சூடேறியிருந்த ஓடு, மின்சாரம் போன பிறகும் கொஞ்ச நேரம் கைக்கு இதமாக இருக்கும். ஓணான் வயிற்றை அப்பிக்கொண்டு அதன் மேலேயே கிடக்கும். பேப்பரும் நார்த்தூளும் அதைத் தராது. தோண்டும் ஆசைக்கு ஒரு மூலையில் சின்னத் தட்டில் மண் வைத்துவிட்டேன்.

பாம்புக்கு வரலாம். மரச்சீவலில் இங்கே மலிவாகக் கிடைப்பது பைன், குதிரைக்கும் கோழிக்கும் பெரிய மூட்டையாக விற்பது. வாங்காதீர்கள். அதன் பிசின் வாசனை மூடிய தொட்டிக்குள் பாம்பின் மூச்சுக்கு நல்லதல்ல. தேவதாரு அதைவிட மோசம். ஆஸ்பென் சீவல் கார்ன் ஸ்னேக்குக்கு அருமை, சுரங்கம் தோண்டினால் இடியாமல் நிற்கும். ஆனால் இறக்குமதி, விலை எகிறும். தண்ணீர்க் கிண்ணத்தைப் பாம்பு ஒரு முறை கவிழ்த்தால் டர்பன் வெக்கையில் இரண்டு மூன்று நாளில் கறுக்க ஆரம்பித்துவிடும். நான் மழைக்காலத்தில் நாலு அடுக்குப் பேப்பர், வறண்ட குளிர்காலத்தில் ஆஸ்பென் என்று மாற்றிக்கொள்கிறேன். பேப்பர் அடுக்குகளுக்கு இடையில் நுழைந்து படுத்துக்கொள்ள பாம்புக்கு ரொம்பப் பிடிக்கும், காலையில் தலைப்புச் செய்தி மேலே கீழே அசையும்.

தவளைக்குப் பேச்சே இல்லை, நார்த்தூள்தான். ஓணானிடம் தோற்றது இங்கே ஜெயிக்கிறது. கையால் பிழிந்தால் ஓரிரண்டு சொட்டு மட்டும் விழும் பதம். போடுமுன் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசுங்கள், நாரில் உப்பு இருக்கலாம். தவளை தோல் வழியாகத் தண்ணீர் குடிக்கும் பிராணி. அதனால்தான் குழாய்த் தண்ணீரும் நேராக வேண்டாம். ஒரு ராத்திரி திறந்து வைத்தால் குளோரின் போகும், குளோரமின் என்ற இன்னொரு கிருமிநாசினி போகாது. வளர்ப்பு மீன் கடையில் கிடைக்கும், இவற்றை முறிக்கும் தண்ணீர்க் கண்டிஷனர் சில சொட்டு விட்டால் வேலை முடிந்தது.

இனி சாப்பாடு. தவளைக்கு மண்புழு, அவ்வளவுதான். ஆன்ட்டியின் கறிவேப்பிலை மரத்தடியில் மருந்து அடிக்காத மண்ணில் தோண்டினால் வேண்டிய மட்டும். இடையிடையே பூச்சி. எலிக்குஞ்சு கொடுத்தால் வேகமாக விழுங்கும், வீடியோ எடுக்க நன்றாக இருக்கும், பிறகு தவளை பந்து மாதிரி கொழுத்துவிடும்.

ஓணானின் கதை நீளம். குட்டியாக இருக்கும்போது பூச்சிதான் பெரும்பங்கு, வளர்ந்த பிறகு கீரைதான் பெரும்பங்கு. பூச்சிகளில் எது?

சுவர்க்கோழி, அதாவது கிரிக்கெட் பூச்சி, கடைக்காரர்கள் முதலில் நீட்டுவது. ஓணான் துரத்திப் பிடிக்கும், உடம்புக்கு நல்ல பயிற்சி. ஆனால் ராத்திரியெல்லாம் கத்தும், நாறும், தப்பியோடிச் சோபாவுக்கு அடியில் கச்சேரி வைக்கும். ஈரம் கூடினால் டப்பாவோடு செத்துக் கிடக்கும். தின்னாமல் மிச்சம் விட்டால் தூங்கும் ஓணானின் கால்விரலையே கடிக்கும். டூபியா கரப்பான் இதற்கு நேர் எதிர். சத்தமில்லை, நாற்றம் குறைவு, வழவழப்பான சுவரில் ஏறாது, டர்பன் வெக்கையும் ஈரமும் அதற்குச் சொர்க்கம். சதைப்பற்றும் அதிகம். என் ஓட்டு டூபியாவுக்குத்தான். ஆனால் ஓட்டு எனக்கு மட்டும் இல்லையே. டர்பனில் கரப்பானோடு ஆயுள் முழுக்கப் போராடும் ஒரு பெண்மணியின் வீட்டில், கரப்பானைக் காசு கொடுத்து வாங்கி வளர்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறக்கவில்லை.

மீல்வார்ம் என்ற வண்டுப் புழு தவிட்டில் கிடக்கும், கேட்பாரில்லாமல் வளரும். மேல்தோல் தடிப்பு, அதனால் குட்டி ஓணானுக்கு அளவாக. மழைக்காலத்தில் தவிட்டில் மைட் என்ற பொடிப் பேன் வந்துவிடுகிறது, கவனிக்க வேண்டும். சூப்பர்வார்ம் கொழுப்பு, அதை லட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் படை ஈயின் புழு பார்க்க அசிங்கம், ஆனால் இந்தக் கூட்டத்தில் கால்சியம் தாராளமாக உள்ளது அது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் பல மடங்கு கூடுதல். அதனால்தான் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அதைச் சோம்பல்பட்டு விட்டால் தாடை ரப்பர் மாதிரி வளையும், கால் நடுங்கும். எலும்பு போய்விட்டது என்று அர்த்தம்.

என் மனதில் இடம் பிடித்தது பட்டுப்புழு. வசந்தம் வந்தால் இந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லார் கையிலும் ஒரு ஷூ பெட்டி இருக்கும், மூடியில் ஓட்டை, உள்ளே மல்பெரி இலையும் பட்டுப்புழுவும். என் மகளும் வளர்க்கிறாள். மென்மையான உடம்பு, கொழுப்பு குறைவு, ஓணானுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. சிக்கல் என்னவென்றால் அவள் புழுக்களை எண்ணி வைத்திருக்கிறாள். "அப்பா, முப்பத்திரண்டு இருந்துச்சு, இப்ப இருபத்தொன்பது." நான் கூட்டுப்புழு ஆகியிருக்கும் என்றேன். அவள் நம்பவில்லை, ஓணானின் வயிற்றைப் பார்த்தாள். இப்போது எனக்கென்று தனிப் பெட்டி.

வெளியில் பிடித்த பூச்சி வேண்டாம். எந்த வீட்டில் யார் கரப்பான் மருந்து அடித்தார்கள் என்று தெரியாது. மின்மினி சாப்பிட்டால் தாடி ஓணான் செத்தே போகும், அவ்வளவு விஷம்.

கீரையில் நாம் பணக்காரர்கள். கடைப் பாக்கெட் உலர்தீனியை நான் ஒரு டப்பா வாங்கினேன், ஓணான் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பின்பக்கத்து முருங்கைக்கீரை, வேலியிலிருக்கும் செம்பருத்திப் பூவும் தளிரும், துருவிய பட்டர்நட் பூசணி, இவை போதும், காசும் இல்லை. இங்கே ஸ்பினாச் என்று விற்பது பெரும்பாலும் சுவிஸ் சார்ட். அதில் ஆக்சலேட் அதிகம், கால்சியத்தைப் பிடித்துக்கொண்டுவிடும். தண்டுக்கீரையும் அப்படியே, எப்போதாவது ஒரு பிடி. வார்விக் சந்தையில் கட்டுக் கட்டாக வாங்கினால் நன்றாக அலசுங்கள். முற்றத்தில் அவகாடோ காய்த்துக் கொட்டினாலும் அதைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாகப் பாம்பும் எலியும். உயிரோடா, உறைந்ததா? உயிரோடு விட்டால் எலி திருப்பிக் கடிக்கும், பாம்பின் கண்ணையே குதறிவிடும். உறைந்ததே மேல். பாம்பின் உடம்பில் தடித்த இடத்தைவிட எலி பருமனாக இருக்கக்கூடாது. முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜில் இறக்கி, மறுநாள் பையோடு வெந்நீரில் போட்டு வெதுவெதுப்பாக்கிக் கொடுக்க வேண்டும். மைக்ரோவேவ் கூடாது, காரணத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மின்சாரம் நீண்ட நேரம் போய் முழுசாக உருகிவிட்டால் மறுபடி உறைய வைக்காதீர்கள். மனிதர் சாப்பாடு இருக்கும் ஃப்ரீசரில் எலி வைப்பதே சரியில்லை, சால்மொனெல்லா வரலாம். ஆன்ட்டி கோபப்பட்டது பக்திக்காக மட்டும் என்று நான் நினைத்திருந்தேன், சுகாதாரப்படியும் அவர்தான் சரி.

தீர்வு பாம்பிடமே இருந்தது. வளர்ந்த கார்ன் ஸ்னேக் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை சாப்பிட்டால் போதும். ஆரோக்கியமாக இருந்தால் ஒரு மாதம் விட்டாலும் அதற்கு ஒன்றுமே இல்லை, தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். ஆகவே ஆவணி கடைசி நாள் ஒரு எலி, ஐப்பசி முதல் நாள் ஒரு எலி, நடுவில் விரதம். ஒரு வயதுக்குட்பட்ட குட்டிக்கு இது பொருந்தாது, அது வாராவாரம் தின்ன வேண்டும். சேல்ஸில் கிடைத்த ஒரு சின்ன ஃப்ரீசரும் மேல் மாடிக்கு வந்துவிட்டது, எலிகள் அதில். இந்த வருஷம் ஆன்ட்டி படியேறி வந்து, "உன் பாம்பும் புரட்டாசி பிடிக்குதாமே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு டப்பா மேல் அடையாளம் ஏதாவது போட்டு வை என்றார். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் பெரிதாக ஒரு பாம்புப் படம் வரைந்து ஒட்டியிருக்கிறேன்.