குவாண்டம் புள்ளிகளில் ராமன் சிதறல்: தொடர்ம மாதிரியா, அணுநிலை மாதிரியா?

காட்மியம் செலினைடு குவாண்டம் புள்ளி (சில நானோமீட்டர் அளவே உள்ள குறைக்கடத்திப் படிகத் துணுக்கு) ஒன்றின் ராமன் நிறமாலையை, அதாவது அதன் அணு அதிர்வுகளால் அதிர்வெண் மாறிச் சிதறும் ஒளியின் பரவலை, கணக்கிட முனைபவர், அந்தப் புள்ளியைத் தொடர்ச்சியான ஊடகத்தாலான கோளமாகக் கொள்வதா, அணு அணுவாகக் கட்டி எழுப்புவதா என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

தாழ் அதிர்வெண் பகுதியில் எனக்குத் தயக்கமே இல்லை. மீள்மக் கோளத்தின் அதிர்வுகளுக்கு 1882-இல் ஹொரேஸ் லாம்ப் கண்ட தீர்வே, மிகச் சிறியவை நீங்கலான புள்ளிகளுக்குப் போதும். அதிர்வெண் விட்டத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைவதால், முகட்டின் இடத்திலிருந்தே புள்ளியின் அளவை மதிப்பிட்டுவிடலாம்.

ஒளியியல் ஃபோனான்களுக்கு (அண்டை அணுக்கள் எதிரெதிராக அசையும் அதிர்வுகளுக்கு) வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சுமார் 210 செ.மீ.⁻¹ அருகே முதல் முகடும், ஏறத்தாழ அதன் இருமடங்கில் மேற்சுரமும் (இரு ஃபோனான்கள் ஒருங்கே பங்கேற்கும் முகடு) தோன்றுகின்றன. இவற்றின் இடங்களைத் தொடர்ம மாதிரி நன்றாகவே தருகிறது. இரு முகடுகளின் செறிவு விகிதத்தில்தான் தடுமாறுகிறது. முடிவிலாச் சுவர் கொண்ட கோளத்தில், ஒற்றைப் பட்டைப் பயனுறு நிறைத் தோராயத்தின்படி (படிகத்தின் விளைவை எலக்ட்ரானின் நிறையை மாற்றியே கணக்கில் கொள்ளும் முறை), எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலியிடமான மின்துளையும் ஒரே வடிவ அலைச்சார்பைப் பெறுவதால், அவற்றின் மின்னூட்ட அடர்த்திகள் எல்லா இடத்திலும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. மின்னூட்டங்களுக்கும் ஃபோனான்களுக்கும் இடையே மின்புலத்தின் வழியே நிகழும் ஃப்ரோலிக் பிணைப்பு அதனால் மறைந்துவிடுகிறது. ஆய்வகத்திலோ அந்தப் பிணைப்பால் எழும் மேற்சுரம் தெளிவாகவே தெரிகிறது. மின்துளைக்கு இடமளிக்கும் இணைதிறன் பட்டைகளின் (ஆற்றல் பட்டைகளின்) கலப்பைச் சேர்த்தால் மின்துளையின் பரவல் மாறி, பிணைப்பு மீண்டும் உயிர்பெறும். மேற்பரப்பில் சிக்கிய மின்னூட்டத்தைச் சேர்த்தும் இதைச் சாதிக்கலாம். ஆனால் அதன் இடத்தை விருப்பம்போல் மாற்றி எந்த விகிதத்தையும் பொருத்திவிட முடியும் என்பதால், தனிச் சான்று இல்லாமல் அதை ஏற்கக் கூடாது என்பதே என் கருத்து.

அணுநிலை மாதிரியில் இந்தப் பட்டைக் கலப்பு தானாகவே அடங்கிவிடுகிறது. 4 நானோமீட்டர் விட்டமுள்ள புள்ளியில் சுமார் 1200 அணுக்களே இருப்பதால், ஏறத்தாழ 3600 வரிசைகள் கொண்ட அதிர்வு அணியைத் தீர்ப்பது இன்று எளிது. எலக்ட்ரான் நிலைகளை அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டால் (DFT; எலக்ட்ரான் அடர்த்தியை அடிப்படையாகக் கொண்ட குவாண்டம் கணக்கீடு) கணக்கிடுவதுதான் பெரும் சுமை: அணு எண்ணிக்கையின் முப்படிக்கேற்ப உழைப்பு வளரும் வழக்கமான முறைகளில், விட்டம் இருமடங்கானால் கணக்கு 512 மடங்காகும். சுமை குறைந்த இறுகப் பிணைப்பு முறையும் போலி நிலையாற்றல் முறையும் இங்கே கைகொடுக்கின்றன. ஆயினும் மேற்பரப்பின் தொங்கு பிணைப்புகளை (இணை அணு இல்லாத பிணைப்புகளை) எவ்வாறு நிறைவு செய்கிறோம் என்ற அனுமானம் விடையில் நேரடியாக ஏறிவிடும்.

ஆகவே நடுத்தர அளவுப் புள்ளிகளுக்குப் பல பட்டைப் பயனுறு நிறை முறையையும் தொடர்ம ஃபோனான்களையும் இணைத்துப் பயன்படுத்துவதையே பரிந்துரைப்பேன். ஒரு பொருளாலான உள்ளகமும் அதைச் சூழ்ந்த வேறொரு பொருளாலான ஓடும் கொண்ட புள்ளிகளில், எல்லையில் தனிமங்கள் கலந்து முகட்டின் தாழ் அதிர்வெண் பக்கம் தோள் போன்ற புடைப்பு எழும்போது, எந்த அணுக்களின் அசைவு அது என்பதை அணுநிலைக் கணக்கில்தான் பிரித்துக் காண முடியும்.