‘அசல் தேக்கு’ பீரோ: பாலிஷை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

பழைய மர பீரோவை வாங்கிப் படுக்கப்போட்டு டிவி ஸ்டாண்டு ஆக்கலாம் என்று நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சென்னையில் ஒரு பழைய மரச்சாமான் கடை. “பழைய வீடு இடிச்ச எடத்துல எடுத்தது சார், அசல் தேக்கு” என்று சொல்லி இரட்டைக் கதவு பீரோ ஒன்றை 7,500 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார்கள். குட்டியானை வாடகை தனி. பில் கேட்டால், “பில்லு போட்டா ஜிஎஸ்டி சேரும்” என்று துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள்.

அதை டிவி ஸ்டாண்டு ஆக்க வீட்டுக்கு வந்த ஆசாரி, பீரோவின் காலை அறுத்துவிட்டு, இழைப்புளியை ஒரு தள்ளு தள்ளியதும் நிறுத்திவிட்டார். கருஞ்சிவப்புப் பாலிஷுக்கு அடியில் மரம் வெளுத்துக் கிடந்தது. “சட்டமெல்லாம் ஜங்கிள்வுட் சார், மட்டமான காட்டு மரம். கதவு, ப்ளைவுட்ல தேக்கு வீனியர், அதாவது தாள் மாதிரி சீவின தேக்கு, ஒட்டினது.” சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். முனை அப்படியே உள்ளே இறங்கியது. முகப் பவுடர் மாதிரி தூள் கொட்டியது. உள்ளே முழுக்க வண்டு. மரத்தூளையும் மெழுகையும் குழைத்துத் துளைகளை அடைத்து, மேலே கனமாகப் பாலிஷ் ஏற்றியிருக்கிறார்கள். அந்த மெழுகு ஆசாரியின் நகத்தில் சுருண்டு வந்தது.

வண்டு இருந்தாலே தேக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. தேக்கிலும் ஓரத்து வெள்ளைக்கட்டையில் வண்டு விழும். வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் விழுவது அபூர்வம்.

கடைக்குப் போன் செய்தேன். முதலில் “பழைய சாமானுக்கு ஏது சார் கேரண்டி” என்றார்கள். அப்புறம் “நீங்க காலை அறுத்துட்டீங்க, இனி எடுக்க முடியாது” என்றார்கள். பழசு என்று தெரிந்துதான் வாங்கினேன், சரி. ஆனால் பணம் கொடுத்தது தேக்குக்கு.

வாங்கப் போகிறவர்கள் முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். பாலிஷ் படாத இடங்களில்தான் உண்மை இருக்கும்: இழுப்பறையின் அடி, முதுகுப் பலகை, காலின் அடிப்பாகம். பலகையின் வெட்டுமுனையில் மரத்தின் வளையக்கோடு தெரிய வேண்டும்; மெல்லிய தாள்கள் அடுக்கியதுபோல் தெரிந்தால் ப்ளைவுட். அடியில் கறுப்புத் துணி விரித்து நன்றாகத் தட்டுங்கள். வெளிர் நிறத்தில் தூள் உதிர்ந்தால் வண்டு பெரும்பாலும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது; வீட்டில் இருக்கும் மற்ற மரத்துக்கும் பரவலாம். “சாய்க்காதீங்க சார், பாலிஷ் போயிடும்” என்று கடைக்காரர் தடுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

பில்லில் ‘தேக்கு’ என்று எழுதி வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அந்தப் புகாரை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

துண்டுச்சீட்டு, ஜிபே பதிவு, ஆசாரி எடுத்த படங்கள் எல்லாவற்றையும் வைத்துப் புகார் போட்டிருக்கிறேன். இப்போது கடைக்காரர் பாதிப் பணம் தருகிறேன் என்கிறார். முழுசாகத் தந்தால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.